திரும்பிப் படு, சொக்கு

ஜூலை 9, புதன்

என் வீட்டுக்காரி கோமதியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கடைசியாக மகள் வடிவு இன்று சாயங்காலம் ஓசூருக்கு ரயிலேறினாள். அம்மாவின் சேலைகளில் நாலைத் தனக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். அலமாரியில் இடம் கிடைத்தது.

துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மணிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்து எழுதிப் பழகிய கை. ரொம்ப நாளாக எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது. இனி இதில் எழுதலாம் என்றிருக்கிறேன்.

வீட்டில் நானும் சொக்குவும்தான். சொக்கலிங்கம், என் மகன். இருபத்தாறு வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை. பேச்சு கொஞ்சம்தான் வரும், நாம் பேசுவது எல்லாம் புரியும். பாளையங்கோட்டையில் ஒரு பகல்நேரப் பயிற்சி மையத்துக்குப் போய்க் காகிதக் கவர் ஒட்டுகிறான். பாதி நேரம் கவர்மேலேயே தலைவைத்துத் தூங்கிவிடுவான் என்பார்கள். இந்தப் பிள்ளைகள் அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ராத்திரிக்குத் தோசை. மாவு புளித்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

சொக்கு தனியாகப் படுக்கமாட்டேன் என்கிறான். அவன் பக்கத்தில் எப்போதும் கோமதிதான் படுப்பாள். எனக்கு நைட் டூட்டி இருந்த காலத்திலிருந்து அப்படி. ஓய்வு பெற்ற பிறகும் நான் முன்னறையிலேயே படுத்தேன்.

இன்று என் பாயை அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்திருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

அவன் குறட்டை புதிதில்லை. முன்னறைக்கே கேட்கும். அது நடுவில் நின்றுபோகும் என்பதுதான் எனக்குத் தெரியாது.

நெஞ்சு ஏறி இறங்குகிறது, காற்று உள்ளே போகவில்லை. சத்தமே இல்லை. எழுந்து லைட்டைப் போட்டேன். உதடு கறுத்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வருகிறவன் மாதிரி ஒரு பெரிய மூச்சை இழுத்தான். ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி மல்லாந்தான். மறுபடி நின்றது.

விடியும்வரை அதே வேலை. காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 12, சனி

துணி துவைத்தேன். சொக்குவின் பனியன்களில் முதுகுப்பக்கம் சின்னப் பை வைத்துத் தைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ரப்பர் பந்து. இந்தப் பனியன்களைக் கொடியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவன் பந்து கேட்டு அடம்பிடித்திருப்பான், அவள் தைத்துக் கொடுத்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

ராத்திரி ஒன்றைப் போட்டுவிட்டேன். மல்லாந்தால் பந்து குத்துகிறது, தானாக ஒருக்களிக்கிறான். அப்படியும் முழுக்க நிற்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வடிவு போன் பண்ணினாள். சொன்னேன்.

"ஆமாப்பா, அவனுக்கு மூச்சு நிக்கும். அம்மா உங்கட்ட சொல்லலியா?"

"இல்லியே."

"ராத்திரி பூரா பக்கத்துல உக்காந்து திருப்பித் திருப்பிப் படுக்கவைப்பா. நான் பள்ளிக்கூடம் படிக்கையிலயே உண்டு. டாக்டர்ட்ட காட்டும்மான்னா, இதுக்குப் போயி டாக்டர் என்ன செய்வாரும்பா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து தூங்குத மனுசன், அவ்வொள எதுக்கு எழுப்பணும்னு சொல்லுவா."

நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. அதை வடிவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சாப்ட்டியளா என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

ஜூலை 17, வியாழன்

டாக்டரைப் பார்த்தோம். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, தலையிலும் நெஞ்சிலும் வயர் ஒட்டிச் சோதிக்கவேண்டுமாம். சொக்கு காத்திருக்கும் நாற்காலியிலேயே தூங்கினான்.

ஜூலை 22, செவ்வாய்

சோதனை முடிவு வந்தது. தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. நாக்கு பெரிசு, முகத்தின் நடுப்பகுதி சப்பை, அதனால் காற்றுப்பாதை குறுகல். மிகக் கடுமையான அளவு. இதயத்தின் வலதுபக்கம் ஏற்கெனவே சிரமப்படுகிறதாம். இப்படியே விட்டால் நீடிக்காது என்றார் டாக்டர். ஒரு மெஷின் உண்டு, குழாய் வழியாக மூக்குக்குள் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கும். தினமும் மாஸ்க் மாட்டித் தூங்கவேண்டும்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இத்தனை வருஷம் இவர் பக்கத்துல யாரு படுத்தது?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரி."

"அவங்களுக்குத் தூக்கமே இருந்திருக்காதே. இன்னிக்கு வரலையா?"

"இல்ல, இறந்துபோயிட்டா. போன மாசம்."

அவர் பேனாவை வைத்தார். அப்புறம் எடுத்தார். கோமதி எதனால் போனாள் என்று கேட்கவில்லை. பீ.பி. ஏறி மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. நானும் சொல்லவில்லை.

திரும்பும்போது மீன் மார்க்கெட் வழியாக வந்தோம். ஒன்றும் வாங்கவில்லை.

ஜூலை 26, சனி

மெஷின் வந்துவிட்டது. மாட்டிக் காட்ட, உபகரணக் கடையிலிருந்து ஜெபராணி என்ற அம்மா வந்திருந்தார். நாற்பது வயசிருக்கும். சொக்குவிடம் நேராகப் பேசுகிறார். நிறையப் பேர் அவனை வைத்துக்கொண்டு என்னிடம்தான் பேசுவார்கள்.

"தம்பி, இத மூக்குல வச்சா காத்து வரும். பயப்படக் கூடாது. எங்க, கையில வச்சுப் பாருங்க."

கையில் வைத்துச் சிரித்தான். மூக்கில் வைத்ததும் பிடுங்கி எறிந்தான்.

ஜூலை 27, ஞாயிறு

மூக்கை மட்டும் மூடும் மாஸ்க். சரியாக வரவில்லை. வாய் திறந்துகொள்கிறது, காற்றெல்லாம் வாய் வழியாகப் போகிறது. மேலே மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும் இடைவெளி. காற்று கண்ணுக்குள் அடிக்கிறது.

"ப்பா, கண்ணு. காத்து கண்ணு." அழுதான். கழற்றிவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

கண் சிவந்திருக்கிறது. மையத்துக்கு அனுப்பவில்லை. ரசம் வைத்தேன். உப்பு அதிகம்.

ஜூலை 30, புதன்

மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் மாற்றிக் கொடுத்தார்கள். வாய்ப்பிரச்சினை தீர்ந்தது. கண்பக்கம் கசிவு அப்படியே. தலைக்குப் பின்னால் போகும் வாரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். இறுக்க இறுக்க வேறு இடத்தில் புஸ் என்று வந்தது.

மெஷினில் ஒரு முகப்படம் உண்டு. மாஸ்க் சரியாக உட்கார்ந்தால் பச்சையாகச் சிரிக்கும், கசிந்தால் சிவப்பாக உதட்டைப் பிதுக்கும். சொக்கு அதைப் பார்த்து, "அழுவுது" என்றான். தானும் உதட்டைப் பிதுக்கினான்.

ஜூலை 31, வியாழன்

மூக்குத்தண்டில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. நான் இறுக்கியதில்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மாஸ்க்கின் முன்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். அதிலிருந்தும் காற்று வருகிறது. கசிவு இதுதானோ என்று இன்சுலேஷன் டேப்பை எடுத்தேன். ஒட்டுவதற்கு முன் கேட்டுவிடுவோம் என்று ஜெபராணிக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, அத அடச்சிராதீங்க சார்! தம்பி விடுத மூச்சு அது வழியாத்தான் வெளிய போவும். அது இருக்கவேண்டிய காத்து. முகத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவுல வரதுதான் வரக்கூடாத காத்து."

டேப்பை உள்ளே வைத்துவிட்டேன். நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 2, சனி

ஜெபராணி புண்ணைப் பார்த்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை.

"உக்கார வச்சுத்தான மாட்டுனீங்க?"

"ஆமாம்மா."

"படுத்தா முகம் மாறும் சார். கன்னச் சதை பின்னால போயிரும். படுக்கவச்சு, மெஷின ஓடவிட்டு, அதுக்குப் பொறவுதான் வாரச் சரிபண்ணணும். லூசா ஆரம்பிங்க. இந்த ரப்பர் காத்துல உப்பி தானா முகத்துல உக்காரும். இறுக்குனா மடங்கிப்போவும், மடங்குன இடத்துல கசியும்."

அப்புறம் அவன் முகத்தைத் துடைத்துக் கையை முகர்ந்தார். "இது என்ன, தேங்காய் எண்ணையா?"

ராத்திரி கோமதி அவன் முகத்தில் எண்ணெய் தடவிப் பவுடர் போட்டுத்தான் படுக்கவைப்பாள். நானும் அதையே செய்துகொண்டிருந்தேன். எண்ணெயும் பவுடரும் இருந்தால் ரப்பர் வழுக்கும், கூடாது என்றார். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மாட்டவேண்டும். ரப்பரையும் தினம் காலையில் கழுவவேண்டும்.

அப்படிச் செய்தும் கண்பக்கம் கொஞ்சம் வந்தது. ஜெபராணி விரலால் அவன் மூக்கை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார்.

"மூக்குத்தண்டு தம்பிக்கு உயரமே இல்ல. அங்க உக்காருத மாஸ்க் எதுவும் சரியா வராது. மூக்குக்குக் கீழ உக்காருத மாதிரி ஒண்ணு இருக்கு, வாயும் சேந்து மூடும். சின்ன சைசு மெட்ராஸ்லருந்து வரவைக்கணும்."

"வரவையுங்கம்மா."

"பகல்ல சும்மா டிவி பாக்கையில மாட்டிப் பழக்குங்க. காத்து வேண்டாம், வெறும் மாஸ்க்."

பவுடர் போடாததற்குச் சொக்கு ராத்திரி கோபித்துக்கொண்டான். நெற்றியில் மட்டும் கொஞ்சம் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வடிவு போன். நாகர்கோவில் பக்கம் ஒரு இல்லம் இருக்கிறதாம், சொக்கு மாதிரிப் பிள்ளைகளுக்கு. நல்லா பாத்துக்கிடுதாவளாம்.

"அவன் மெஷின் மாட்டிக்கிட மாட்டேங்கான்னு சொல்லுதிய. நீங்களும் தூங்கல. எத்தன நாளைக்குப்பா? உங்களுக்குப் பொறவு ராத்திரி அவனுக்கு யாரு மாட்டிவிடுவா?"

"பாப்போம்."

"பாப்போம் பாப்போம்னுதான் அம்மாவும் சொன்னா."

அழுதாள் என்று நினைக்கிறேன். பேரப்பிள்ளைக்கு லீவு எப்போது என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கத்தரிக்காய் நறுக்கும்போது உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். விரலில் சின்ன வெட்டு.

கோமதியும் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து இப்படித் தூங்குவாள். என்ன இந்த நேரத்தில் தூக்கம் என்று கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

புது மாஸ்க் வந்தது. சின்னது. மூக்குக்குக் கீழே உதடுமாதிரி ஒட்டிக்கொள்கிறது, மேலே ஒன்றுமில்லை. கண்ணை மறைக்கவில்லை என்பதே அவனுக்குப் பெரிய சந்தோஷம். பக்கவாரில் காந்தம். கிட்டே கொண்டுபோனாலே டக்கென்று பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்காகவே கழற்றிக் கழற்றி மாட்டினான்.

படுக்கவைத்து, காற்றை ஓடவிட்டு, ஜெபராணி வாரை இப்படியும் அப்படியும் அசைத்தார். மாஸ்க்கை முகத்திலிருந்து கொஞ்சம் இழுத்துத் திரும்ப விட்டார். புஸ் நின்றது. ஒருக்களிக்கச் சொன்னார். அப்போதும் வரவில்லை. கன்னத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"சிரிக்குது," என்றான் சொக்கு, மெஷினைக் காட்டி. மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் குடத்துக்குள் பேசுவதுபோல வந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கசிவு இல்லை. அப்படியும் ராத்திரி நடுவில் கழற்றிவிடுகிறான். நான் கண் அசந்து எழுந்து பார்த்தால் மாஸ்க் தலையணைக்குக் கீழே இருக்கிறது. திரும்ப மாட்டினேன். திரும்பக் கழற்றினான்.

ஆகஸ்ட் 9, சனி

நேற்றும் அதேதான். இன்று மத்தியானம் டிவி முன்னால் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டே இருந்தான். வலி இல்லை, பயமும் இல்லை. பின் ஏன் கழற்றுகிறான்?

வடிவிடம் இல்லத்தின் போன் நம்பரை அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அந்த நம்பருக்கு இன்று போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை.

படுக்கப்போகும் முன் அவன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏல சொக்கு, மாஸ்க்க ஏன் கழத்துத?"

வாரின் காந்தத்தை டக் டக்கென்று ஒட்டிக்கொண்டிருந்தான்.

"வலிக்கா?"

"இல்ல."

"காத்து கண்ணுல போவுதா?"

"இல்ல."

"பின்ன என்னல?"

என் கையை எடுத்துத் தன் தோளில் வைத்தான். "எழுப்பு."

"எதுக்கு எழுப்பணும்? மூச்சு நல்லா வருதுல்லா, தூங்கு."

"அம்மா எழுப்புவா," என்றான். "அம்மா, திரும்பிப் படு சொக்கும்பா. முதுகுல தடவுவா. இது மாட்டுனா யாரும் எழுப்பல."

அவனுக்குத் தெரிந்து ஒவ்வொரு ராத்திரியும் யாரோ அவனைத் தொட்டு எழுப்பியிருக்கிறார்கள். இப்போது மூச்சு நிற்பதில்லை, அதனால் நான் தொடுவதுமில்லை. கழற்றினால்தான் நான் வருகிறேன்.

மாஸ்க்கை மாட்டினேன். லைட்டை அணைத்துவிட்டு, தோளில் கைவைத்து, "திரும்பிப் படு, சொக்கு," என்றேன். திரும்பினான். முதுகில் தடவினேன். எனக்குச் சரியாக வரவில்லை. "இன்னும்" என்றான்.

பாயைச் சுருட்டிவிட்டு அவன் கட்டிலிலேயே ஓரமாகப் படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

விடியும்வரை கழற்றவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றத்துக்கு மையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்குள்ள டீச்சர், "நாலு நாளா சொக்கு தூங்கவே இல்ல சார், உக்காந்து நூறு கவர் ஒட்டுதான்," என்றார். பஸ்ஸில் திரும்பும்போதும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தான். கடைப் பெயர்களில் தெரிந்த எழுத்துகளைச் சொன்னான். இத்தனை வருஷமாக இந்த பஸ்ஸில் அவன் தலை என் தோளில்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் அலமாரியைத் திறந்து பார்த்திருக்கிறான். வடிவு கட்டிவைத்த மூட்டையைப் பிரித்துச் சேலைகளை வெளியே எடுத்துப் போட்டிருந்தான். நான் போனபோது நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா எங்க?"

"சாமிட்ட போயிட்டால்லா."

"எப்ப வருவா?"

பதினாறு நாளும் வீட்டில் அத்தனை கூட்டம் இருந்தது. அவன் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரியவில்லை, நல்லதாய்ப் போயிற்று என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"வரமாட்டா சொக்கு. செத்துப்போயிட்டா."

என்னையே பார்த்தான். அப்புறம் ஆரம்பித்தான். இப்படி அவன் அழுது நான் பார்த்ததில்லை. தரையில் தலையை முட்டினான். பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்தார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். தலைக்குக் கீழே ஒரு சேலையை மடித்து வைத்தேன். மத்தியானம்வரை அழுதான். சோறு வேண்டாம் என்றான்.

சாயங்காலம் என் முகத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"நீ அழலியா?"

"இல்ல."

"ஏன்?"

தெரியவில்லை என்றேன். உண்மையில் தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

இரண்டு நாளாகக் கொஞ்சம் அழுகிறான், கொஞ்சம் சாப்பிடுகிறான். மெஷினை அவனுக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் இந்த அழுகை இல்லை. ஜெபராணி போன் செய்தபோது இதைச் சொன்னேன்.

"தூக்கக் கலக்கத்துல இருந்தவருக்கு இப்பத்தான் எல்லாம் தெரியுது சார். அழட்டும். நீங்க தூங்குதீங்களா?"

படுக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 23, சனி

மாஸ்க்கைத் தானே மாட்டிக்கொள்கிறான். முகம் கழுவி, துடைத்து, படுத்து, சுவிட்சைப் போட்டு, டக், டக். வலதுபக்க வார் முறுக்கிக்கொண்டது. நான் கை நீட்டியதும் தட்டிவிட்டுத் தானே சரிசெய்தான். போன் கேமராவில் வடிவு பார்த்தாள். "நல்லா மாட்டுதானே," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. இல்லத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ராத்திரி "திரும்பிப் படு, சொக்கு" என்று சொன்னது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை. விழித்தபோது ஜன்னல் முழுக்க வெயில். கோமதி போனதிலிருந்து இப்படித் தூங்கியதில்லை. உடம்பு லேசாக இருந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது.

படுத்தபடியே, "கோமதி, மணி என்னாச்சு?" என்று கூப்பிட்டேன்.

சத்தம் நின்றது. சொக்கு வாசலில் வந்து நின்றான். கன்னத்தில் வார் பதிந்த கோடு இன்னும் மறையவில்லை. கையில் தண்ணீர்ச் செம்பு.

"அம்மா செத்துப்போயிட்டா, ப்பா," என்றான் மெதுவாக, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித்தருவதுபோல.

செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து, என் முதுகில் கையை வைத்தான். அவனுக்கு அது நன்றாக வருகிறது.

பால்காரர் வந்து மணி அடித்துவிட்டுப் போனார். நான் எழுந்து போய்த் திறக்கிற நிலையில் இல்லை.